மீட்டரில் ஐம்பத்தெட்டாயிரம்

"அண்ணி, டீயை அப்படியே வச்சுட்டு இங்க வாங்க."

கொழுந்தன் இந்தத் தொனியில் கூப்பிட்டால் இரண்டில் ஒன்று. உதிரி பாகம் எங்கேயும் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இல்லையென்றால், அவன் எப்போதோ சொல்லி அவள் காதில் போட்டுக்கொள்ளாத ஒரு விஷயம் இப்போது எதிரில் வந்து நிற்கிறது என்று அர்த்தம். டீச்சர் தம்ளரை டயர் அடுக்கின் மேல் வைத்துவிட்டு எழுந்தாள். பட்டறைச் சுவரில் கடிகாரம் ஒன்பது ஐம்பது காட்டியது.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. பன்னிரண்டு வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். ஊரில் பாதிப் பேருக்கு கிளட்ச் எது பிரேக் எது என்று காட்டிக் கொடுத்தவள். புருஷன்கூட வெளியாள் முன்னால் அவளை டீச்சர் என்றுதான் சொல்வார். ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரே மாடலில், ஒரே வெள்ளையில், ஏற்கெனவே ஒன்பது வயதான இரண்டு பழைய கார்களை வாங்கிப் போட்டாள். ஒன்றுக்குப் பெரியவ என்றும் இன்னொன்றுக்குச் சின்னவ என்றும் பேர். வாங்கிய அன்றே கொழுந்தன் இரண்டுக்கும் டைமிங் பெல்ட் மாற்றினான். ஒரே நாள், ஒரே கடை, ஒரே அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு பெல்ட்.

பெரியவ இப்போது லிஃப்டின் மேல் வயிற்றைத் திறந்துகொண்டு நின்றாள். வாட்டர் பம்ப் கசிகிறது என்று கொண்டுவந்து விட்டிருந்தது. பம்ப்பைக் கழற்ற வேண்டுமானால் அதன் மேல் ஓடும் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். கழற்றிய பெல்ட் கொழுந்தன் கையில் தொங்கியது. அவன் அதைப் பின்பக்கமாக வளைத்துக் காட்டினான். வெயிலில் கிடந்த செருப்பு மாதிரி ரப்பர் முழுக்க வெடிப்பு. ஓரத்தில் நூல் பிரிந்து தாடி விட்டிருந்தது. உள்பக்கப் பற்களில் வரிசையாக மூன்றைக் காணோம்.

"மூணு பல்லு எங்க?" என்றாள் டீச்சர்.

"கவருக்குள்ள கிடந்துச்சு. எடுத்து வச்சிருக்கேன், வேணும்னா ஒட்டித் தரவா?" சொன்னவன் சிரிக்கவில்லை. "இது இங்க வரைக்கும் வந்து சேர்ந்ததே பெரிசு அண்ணி. மூச்சைப் புடிச்சுக்கிட்டு வந்திருக்கா."

"புத்தகத்துல தொண்ணூறாயிரம்னு போட்டிருக்கான். மாத்தினதுக்கு அப்புறம் ஐம்பத்தெட்டுதானே ஓடியிருக்கு?"

"வண்டி ஐம்பத்தெட்டு ஓடியிருக்கு. இன்ஜின் எவ்வளவு ஓடியிருக்குன்னு யாரு பார்த்தா? மைதானத்துல எட்டு போடுறீங்க. ஒரு ஆளு ஏறும், ஒரு ஆளு இறங்கும், நடுவுல நீங்க பாடம் எடுப்பீங்க. அவ்வளவு நேரமும் இன்ஜின் உறுமிக்கிட்டேதான் நிக்குது. ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்னே வைங்க. அஞ்சு வருஷம். ரோட்டுல ஓடியிருந்தா ஒண்ணேமுக்கால் லட்சம் கிலோமீட்டர் காட்டியிருக்கும் மீட்டர்."

கொழுந்தன் பெல்ட்டை மேஜை மேல் போட்டுவிட்டுக் கையைத் துடைத்தான். பிறகு அவள் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டான்.

"சின்னவ இப்ப எங்க இருக்கா?"

மூன்று வாரம் முன்பு சின்னவளை விற்றாகிவிட்டது. வாங்கியவர் எழுபது வகுப்பு அம்மா.

அவர் ஒரு தையல்காரர். ஐம்பத்திரண்டு வயது. மற்றவர்கள் இருபது வகுப்பில் முடிப்பதை அவர் எழுபது வகுப்பில் முடித்தார். முப்பது வருடம் மோட்டார் வைத்த தையல் மெஷினை மிதித்த கால். ஆக்ஸிலரேட்டரையும் அப்படியே அழுத்தியது. முதல் பத்து வகுப்பில் மைதானத்து வேலியை இரண்டு முறை சாய்த்தார். அதன் பிறகு பயந்துபோய் மிதிக்கவே மாட்டேன் என்றார். வண்டி ஒவ்வொரு திருப்பத்திலும் துள்ளி, இருமி, நின்றது. ஒரு வகுப்பில் பதினாறு தடவை இன்ஜின் ஆஃப் ஆனது. டீச்சர் எண்ணிக்கொண்டே இருந்தாள், திட்டவில்லை. அந்த அம்மாவிடம் ஒரு குணம் இருந்தது. சொன்னதை நோட்டில் எழுதுவார். எழுதியதை மாற்ற மாட்டார். மாலையில் துணி வெட்டும் மேஜையில் உட்கார்ந்து "கண்ணாடி, சிக்னல், தோள்" என்று சத்தமாகப் படிப்பதாக அவர் கணவரே ஒரு நாள் வந்து சொல்லிச் சிரித்தார். "இவளாவது கார் ஓட்டுறதாவது? வண்டியை உடைச்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கப் போறா, பாருங்க."

லைசென்ஸ் வந்த அன்று அந்த அம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான். "டீச்சர், எனக்குச் சின்னவ மட்டும்தான் ஓட்ட வரும். அவ கிளட்ச் எங்க புடிக்கும்னு என் காலுக்குத் தெரியும். குடுத்துடுங்களேன்."

குடுத்தாள். பக்கத்து சீட்டில் பயிற்சியாளருக்கென்று மாட்டியிருந்த பிரேக்கையும் கிளட்ச்சையும் கழற்றச் சொன்னாள். கழற்றும்போது கொழுந்தன் கேட்டான்: "பெல்ட்டையும் மாத்திக் குடுத்துடலாமா?" அவள் பதில் இன்றைக்கும் அவளுக்கு வார்த்தை மாறாமல் ஞாபகம் இருக்கிறது. "தொண்ணூறாயிரம் வரைக்கும் தாங்கும் தம்பி. எதுக்கு வீணா?" வாங்கியவரிடம், "கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள்.

இன்று காலை ஒன்பது மணிக்குத் தையல்காரம்மா கிளம்பியிருந்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தனியாக, மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் அக்காவின் வீட்டுக்கு.

"அண்ணி, போனைப் போடுங்க."

போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவது தடவையும். மூன்றாவது தடவை போட விரல் போனபோதுதான் திரையில் பழைய செய்திகள் கண்ணில் பட்டன. ஒன்பது முப்பத்திரண்டு: 'முதல் நிறுத்தம், பெட்ரோல் பங்க். தண்ணீர் குடித்தேன். நாலு டயரும் பார்த்தேன்.' ஒன்பது நாற்பத்தைந்து: 'கிளம்புகிறேன். போனை டிக்கியில் போடுகிறேன்.'

அதன் கீழே டீச்சர் அனுப்பிய பதில்: 'வெரி குட்.'

போனை டிக்கியில் போடு என்பது அவள் பாடம். மற்ற பள்ளிகளில் பையில் போடு, சைலண்டில் போடு என்பார்கள். பையில் போட்டால் கை போகும், பின் சீட்டில் போட்டால் கழுத்து திரும்பும், டிக்கியில் போட்டுப் பூட்டு என்பது டீச்சரின் பள்ளிக்கே உரிய சட்டம். சொல்லிக் கொடுத்த இரண்டாயிரம் பேரில் அதைக் கடைப்பிடித்த ஒரே ஆள் இந்த அம்மாவாகத்தான் இருக்க வேண்டும்.

"எடுக்க மாட்டாங்க" என்றாள்.

"ஏன்?"

"நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

நெடுஞ்சாலை உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாள். ஒரு பெண் குரல் பொறுமையாக விசாரித்தது. விபத்து எந்த இடம்? இன்னும் நடக்கவில்லை. வண்டி நின்றுவிட்டதா? இல்லை, ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படியானால் என்ன பிரச்சினை? நிற்கப் போகிறது. "நின்னதும் கூப்பிடுங்க மேடம்" என்றது குரல், மரியாதையாகத்தான்.

ஒன்பது ஐம்பத்தைந்துக்குக் கொழுந்தனின் பிக்-அப் பட்டறையை விட்டு வெளியேறியது. பின்னால் இழுவைக் கம்பி கடகடவென்று ஆடியது. டீச்சர் மடியில் பெரியவளின் கையேடு இருந்தது; ஏன் எடுத்துக்கொண்டு வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அதன் பின் அட்டையில் பேனாவால் கணக்குப் போட்டாள். வழியை எழுதிக் கொடுத்தவளே அவள்தான் என்பதால் எல்லாம் மனப்பாடம். பட்டறையிலிருந்து பெட்ரோல் பங்க் இருபது கிலோமீட்டர். பங்க்கிலிருந்து மலை உச்சி நாற்பது. அதற்கு மேல் ஒன்பது வளைவு இறக்கம். மணிக்கு ஐம்பதைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருக்கிறாள், தாண்ட மாட்டார். பத்து முப்பத்துமூன்றுக்கு உச்சியில் இருப்பார். இரண்டாவது நிறுத்தத்தை உச்சியிலேயே வைத்திருக்கலாம். இறக்கத்தை முடித்த பிறகு நிம்மதியாக இளைப்பாறட்டும் என்று அடிவாரத்தில் வைத்தாள்.

"இந்த வண்டி எவ்வளவு போகும் தம்பி?"

"தொண்ணூறு. அதுக்கு மேல மிதிச்சா கதவு தனியா வந்துடும்."

"அப்படின்னா பத்து முப்பத்தேழுக்குத்தான் புடிப்போம். நாலு நிமிஷம் இடிக்குது."

"கணக்குப் போட்டா வண்டி வேகமாப் போகுமா? புத்தகத்தை மூடிட்டு லாரி வருதான்னு பாருங்க."

இடது பக்கம் சிமெண்ட் கிடங்குகள், மரக்கடைகள், பாதியில் நின்றுபோன ஒரு மேம்பாலம் எல்லாம் வந்து போயின. டீச்சர்தான் மறுபடி வாயைத் திறந்தாள். "இறக்கத்துல அறுந்தா என்ன ஆகும்? எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லு."

அவன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னான். அந்த இன்ஜினில் பிஸ்டனும் வால்வும் ஒரே இடத்துக்கு மாறி மாறி வந்து போகும். இடித்துக்கொள்ளாமல் முறை பிரித்துக் கொடுப்பது பெல்ட். அது அறுந்தால் ஒன்றையொன்று இடித்து உள்ளே எல்லாம் நசுங்கும். இன்ஜின் செத்துவிடும், அது போகட்டும். ஸ்டியரிங் கல் மாதிரி ஆகிவிடும். பிரேக் இரண்டு மிதி, மூன்று மிதி பிடிக்கும். அதற்கு மேல் எழுந்து நின்றுதான் மிதிக்க வேண்டும்.

"அந்தம்மா எவ்வளவு எடை இருப்பாங்க?" என்று கேட்டான்.

"நாப்பத்தஞ்சு கிலோ."

அவன் ஆக்ஸிலரேட்டரைத் தரையோடு தரையாக அழுத்தினான்.

கையேட்டை அவள் மூடவில்லை. பராமரிப்புப் பக்கம் அவள் தேடாமலேயே வந்து நின்றது. டைமிங் பெல்ட்: 90,000 கிலோமீட்டர். தடித்த எழுத்து. அதன் கீழே எறும்பு ஊர்ந்த மாதிரி இன்னொரு வரி. நீண்ட நேரம் நின்ற இடத்தில் இயங்குதல், வாடகை வண்டி, ஓட்டுநர் பயிற்சி போன்ற கடும் உபயோகத்தில் பாதித் தூரத்திலேயே மாற்றவும். ஓட்டுநர் பயிற்சி என்றே அச்சடித்திருந்தான் பாவி. தேர்வுக்கு முன்னால் சாலை விதிப் புத்தகத்தின் அடிக்குறிப்புகளைக்கூட ஒப்பிக்கச் சொல்லும் டீச்சர், ஐந்து வருடமாகத் தன் வண்டிக்குள்ளேயே கிடந்த புத்தகத்தில் தடித்த எழுத்தை மட்டும் படித்திருக்கிறாள். தம்பி சொன்னபோதும் அந்தத் தடித்த எழுத்துதான் அவள் வாயில் பேசியது.

பெட்ரோல் பங்க் தாண்டியதும் சோதனை வந்தது. காற்றாலை இறக்கை ஒன்றைச் சுமந்துகொண்டு ஒரு நீள டிரெய்லர் இரண்டு தடத்தையும் அடைத்துக்கொண்டு பக்கச் சாலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. சிவப்புக் கொடி பிடித்த ஒருவன் அவர்களைப் பார்த்துக் கையை உயர்த்தினான். கொழுந்தன் ஹாரனை அழுத்தினான். கொடிக்காரன், இது என் மாமியார் வீட்டு விசேஷமா, நான் என்ன செய்ய என்பதுபோல் உதட்டைப் பிதுக்கினான். மூன்று நிமிடம். பின் அட்டையில் நான்கை அடித்து ஏழு என்று எழுதினாள் டீச்சர்.

போன் எட்டாவது தடவை அடித்தது, ஓய்ந்தது. பத்தாவது தடவையும் அப்படியே.

பத்து முப்பத்துமூன்றை அவள் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்துநான்காக மாறியது. இந்நேரம் உச்சி. இந்நேரம் இறக்கப் பலகையைப் பார்த்திருப்பார். பலகையைப் பார்த்ததும் இரண்டாம் கியர். நியூட்ரல் போடாதே, கியரிலேயே இறக்கு, இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். அதுவும் அவள் பாடம்தான். இன்ஜின் முழு வேகத்தில் அலற, பிடிக்க வேண்டிய பற்கள் இல்லாத ஒரு பெல்ட்டின் மேல் மொத்த வண்டியையும் தொங்கவிடச் சொல்லும் பாடம்.

"அண்ணி."

"என்ன?"

"அங்க பாருங்க."

மலை இன்னும் ஆரம்பிக்கவில்லை. நேரான, மரமில்லாத சாலை. தூரத்தில் ஓரமாக, ஒரு சிவப்பு முக்கோணம் நின்றிருந்தது. அதற்கு வெகு தள்ளி வெள்ளையாக ஒரு கார். நான்கு மூலையிலும் மஞ்சள் விளக்கு விட்டு விட்டு எரிந்தது.

காருக்குள் யாரும் இல்லை.

பிக்-அப் வேகம் குறையக் குறைய டீச்சர் கண்ணாடி வழியே ஓட்டுநர் சீட்டைப் பார்த்தாள், பக்கத்து சீட்டைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள். அடிபட்ட அடையாளம் எதுவும் இல்லை. டிக்கி மட்டும் லேசாகத் திறந்திருந்தது. அவள் கையிலிருந்த போன் அலறியது.

"டீச்சர்." மூச்சு வாங்கும் குரல். "பதினோரு தடவை கூப்பிட்டிருக்கீங்க. கோவமா? இன்ஜின் ஆஃப் ஆயிடுச்சு டீச்சர். ஓடும்போதே ஆஃப் ஆயிடுச்சு. நான் என்ன தப்பு பண்ணேன்னு தெரியல."

"எங்க இருக்கீங்க?"

"தடுப்புக்கு அந்தப் பக்கம். வண்டி நின்னுடுச்சுன்னா உள்ள உக்காராதே, தடுப்பைத் தாண்டி நில்லுன்னீங்களே."

சாலையோர இரும்புத் தடுப்புக்கு அப்பால், முழங்கால் உயரப் புல்லுக்குள், பழுப்பு நிறப் புடவையில் ஒல்லியாக நின்றிருந்தார். தோளில் கைப்பை. ஒரு கையில் போன், மறு கையில் வழி எழுதிய நோட்டுத் தாள்.

டீச்சர் இறங்கித் தடுப்பின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டாள்.

தையல்காரம்மா தேர்வாளர் எதிரில் நிற்பதுபோல வரிசையாகச் சொன்னார். டப்பென்று ஒரு சத்தம். மீட்டரில் எல்லா விளக்கும் சிவப்பு. பின்னால் ஒரு லாரி. சாவியைத் தொடவில்லை, தொட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். மஞ்சள் விளக்கைப் போட்டேன். ரெண்டு கையாலயும் பிடிச்சு ஓரத்துக்கு இழுத்தேன், மாவு மூட்டையைத் தள்ளுற மாதிரி இருந்துச்சு. பிரேக்கை விட்டு விட்டு மிதிக்கல, ஒரே மிதி. லாரிக்காரன் என்னமோ திட்டிக்கிட்டே போனான், நான் கேக்கல.

"நின்னதுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். சும்மா சுத்துது டீச்சர், லேசா. நூல் கோக்காம மெஷினை மிதிச்சா ஒரு சத்தம் வரும், அந்த மாதிரி. கிளட்ச்சைச் சரியா மிதிக்கலையோ? மறுபடியும் பழையபடி ஆயிடுச்சோ?"

கொழுந்தன் அதற்குள் பானெட்டைத் தூக்கி, மேல் கவரின் கிளிப்புகளைக் கழற்றியிருந்தான். உள்ளே கையை விட்டு ஒரு முனையை வெளியே இழுத்தான். அறுந்த பெல்ட் பாம்புச் சட்டை மாதிரி வந்தது. அண்ணியைப் பார்த்தான். அவன் எதுவும் சொல்லப் போவதில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. சொல்லவேண்டியது யார் என்றும் தெரிந்தது.

பழைய வண்டி, எப்போது வேண்டுமானாலும் இப்படி ஆகும் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அந்த அம்மா நம்பிவிடுவார். எழுதிக்கொள்ளக்கூடச் செய்வார்.

"நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்றாள் டீச்சர். "தப்பு என்னுது. இந்தப் பட்டையை மாத்திக் குடுத்திருக்கணும். தம்பி சொன்னான். மீட்டர்ல கம்மியாத்தானே ஓடியிருக்குன்னு நான் விட்டுட்டேன்."

தையல்காரம்மா தடுப்பைத் தாண்டி வந்து பெல்ட்டை வாங்கினார். துணியின் நெய்தலைப் பார்க்கிற மாதிரி வெளிச்சத்தில் பிடித்து, கட்டை விரலால் வெடிப்பை வருடி, பிரிந்த நூலை இழுத்துப் பார்த்தார்.

"என் மெஷின் பெல்ட் எங்க டீச்சர் போகுது? சுவரோரமா உக்காந்த இடத்துலயேதான் சுத்துது. வருஷத்துக்கு ஒண்ணு மாத்துறேன்." பெல்ட்டை மடித்தார். "என்னைக் கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

எழுபது வகுப்பில் அந்த அம்மாவை டீச்சர் ஒரு கேள்வியும் கேட்டதில்லை.

"மலையில ஆகியிருந்தா?" என்று தையல்காரம்மா கொழுந்தனிடம் கேட்டார்.

"ஆகலையேம்மா."

"ஆகியிருந்தான்னு கேட்டேன்."

அவன் சொன்னான். டீச்சரிடம் சொன்னதையே, எதையும் குறைக்காமல். தையல்காரம்மா கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார். பிறகு அக்காவுக்குப் போன் போட்டு, இன்றைக்கு இல்லை, வண்டி ரிப்பேர் என்றார். திரும்பி, "எத்தனை நாள் ஆகும் தம்பி?" என்றார்.

"தலையைக் கழட்டி வால்வு எல்லாம் மாத்தணும். பத்து நாள்."

"அப்ப பதினோராம் நாள் வர்றேன்கா" என்று போனில் சொல்லி வைத்தார்.

"வீட்டுல நான் வந்து பேசுறேன்" என்றாள் டீச்சர். "அவர் உங்களைத்தான் சொல்வாரு, வண்டியை உடைச்சுட்டேன்னு."

"வாங்க. சாப்பிட்டு முடிச்சதும் பேப்பரைப் புடிச்சுக்கிட்டு உக்காருவாரு, அப்ப வாங்க. அந்த நேரத்துலதான் அவருக்குக் காது கேக்கும். இப்ப சொன்னீங்களே, தப்பு என்னுதுன்னு, அதை அப்படியே சொல்லணும். என் எதிர்ல."

"சொல்றேன்."

முக்கோணத்தை எடுத்துவர டீச்சர் போனாள். முப்பது காலடி தள்ளி வைக்க வேண்டும் என்பது பாடம். திரும்பி வரும்போது எண்ணினாள். ஐம்பத்திரண்டு.

கொழுந்தன் இழுவைக் கம்பியை மாட்டிவிட்டு, பட்டறைப் பக்கம் திருப்பி நிறுத்தினான். இழுக்கப்படுகிற வண்டியில் ஸ்டியரிங் பிடிக்க ஒரு ஆள் வேண்டும். டீச்சர் ஓட்டுநர் கதவின் கைப்பிடியில் கை வைத்தாள்.

"டீச்சர்," என்றார் தையல்காரம்மா, "அது என் சீட்டு."

டீச்சர் சுற்றிப் போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள். ஐந்து வருடம் உட்கார்ந்த இடம். தையல்காரம்மா சீட்டை ஒரு கட்டை முன்னுக்கு இழுத்தார். கண்ணாடி. சிக்னல். தோளுக்கு மேல் ஒரு பார்வை. பிக்-அப் மெல்ல நகர்ந்தது, கம்பி விறைத்தது, சத்தமே இல்லாமல் சின்னவ உருண்டாள். பக்கத்தில் போன ஒரு பேருந்தின் காற்றில் கார் லேசாக ஆடியது. ஒல்லியான இரண்டு கைகள் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தன, முழங்கை வரை நரம்பு புடைத்தது, கார் கோட்டுக்குள்ளேயே போனது.

முன்னால் பிக்-அப்பின் சிவப்பு விளக்கு எரிந்தபோது டீச்சரின் வலது கால் தானாக எழுந்து தரையை அழுத்தியது. அங்கே பிரேக் இல்லை. மிதியடிக்குக் கீழே, கழற்றிய இடத்தில் நான்கு போல்ட் ஓட்டைகள் மட்டும் இருந்தன. செருப்பைத் தாண்டி அவள் பாதத்துக்கு அவை ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. அழுத்திய காலை அவள் எடுக்கவில்லை.